இறால் தீவனத்தில் ஈர்ப்பி: முதல் அரை மணி நேரத்துக்கான ஏற்பாடு

இறால் இரையைக் கண்ணால் தேடுவதில்லை. குளத்து நீர் கலங்கலாக இருக்கும். அடித்தரையில் கிடக்கும் இரண்டு மில்லிமீட்டர் தீவனத் துண்டை அதில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நிழலையும் அசைவையும் கண் கவனித்துக்கொள்ளும். இரை தேடும் வேலை மீசைக்கும் கால்களுக்கும் உரியது.

தலைக்கு முன்னால் இரண்டு வகை மீசை இருக்கும். உடலைவிட நீளமாகப் பின்னோக்கி வளைந்து போவது பெரிய மீசை. தொடுதலையும் நீரின் அசைவையும் உணர்வதுதான் அதன் முக்கிய வேலை. கண்ணுக்கு அருகில் குட்டையாக, இரு கிளையாகப் பிரிந்து, அடிக்கடி சுண்டிக்கொண்டே இருப்பது சிறு மீசை. அதில் வரிசையாக உள்ள நுண்ணிய மயிரிழைகள்தான் நீரில் கரைந்து வரும் மணத்தைத் தூரத்திலேயே பிடிக்கின்றன. மீசையைச் சுண்டும் ஒவ்வொரு முறையும் இழைகளுக்கு இடையில் தேங்கிய நீர் போய்ப் புது நீர் வரும். நாய் மூக்கை உறிஞ்சி மோப்பம் பிடிப்பது போன்ற செயல் இது.

மணம் வரும் திசையில் நடந்து வந்தபின் கால்களின் வேலை தொடங்குகிறது. முதல் மூன்று இணை நடைகால்களின் நுனியில் சின்ன இடுக்கி உண்டு. அந்தக் கால்களிலும் வாயைச் சுற்றியுள்ள உறுப்புகளிலும் சுவை உணரும் மயிர்கள் இருக்கின்றன. தரையைத் தடவி, தட்டுப்பட்டதை எடுத்து, வாயருகே பிடித்துக்கொண்டு ஓரமாகக் கொறித்துத் தின்னும். மீனைப் போல ஒரே வாயில் விழுங்காது. ஒரு தீவனத் துண்டை, அதாவது பெல்லட்டை, தின்று முடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். பாதியில் கீழே போட்டுவிட்டு வேறொன்றை எடுப்பதும் உண்டு.

இதைப் புரிந்துகொண்டால், ‘அட்ராக்டன்ட்’ (ஈர்ப்பி) என்ற ஒரே பெயரில் விற்கப்படும் பொருள்களுக்குள் மூன்று வேறு வேலைகள் ஒளிந்திருப்பது தெரியும். தூரத்தில் இருக்கும் இறாலைத் திரும்ப வைத்து வரவழைப்பது ஒன்று. வந்ததை எடுத்து வாயில் வைக்கச் செய்வது இன்னொன்று. வைத்ததைத் துப்பாமல் தின்று முடிக்க வைப்பது மூன்றாவது. ஒரே பொருள் மூன்றையும் செய்யும் என்ற உறுதி இல்லை. தின்பதைப் பார்க்கக் குளத்தில் இறக்கும் தீவனத் தட்டில் ஐந்து நிமிடத்தில் கூட்டம் கூடியது என்றால் முதல் வேலை நடந்திருக்கிறது, அவ்வளவுதான். கூட்டம் கூடியும் ஒரு மணி நேரம் கழித்துத் தட்டில் கடித்துப் போட்ட துண்டுகள் கிடந்தால் மூன்றாவது வேலை நடக்கவில்லை. அங்கே மணத்தைக் கூட்டிப் பயனில்லை. சுவையையோ மென்மையையோ கெட்டுப்போன மூலப்பொருளையோதான் பார்க்க வேண்டும்.

நேரம்தான் விஷயம்

பெல்லட் நீரில் விழுந்த நொடியிலிருந்து கரைய ஆரம்பிக்கிறது. உருவம் கலையாமல் இருக்கலாம். ஆனால் உள்ளே இருப்பவை வெளியேறிக்கொண்டிருக்கும். முதலில் போவது நீரில் எளிதில் கரையும் சத்துகள்: வைட்டமின் சி, பி வகை வைட்டமின்கள், தனியாகச் சேர்த்த அமினோ அமிலங்கள், சில தாதுக்கள். தாவரப் புரதத் தீவனத்தில் குறையும் மெத்தியோனினை ஈடுகட்டத் தூளாகச் சேர்க்கிறார்களே, அதுவும் இந்தப் பட்டியலில் உண்டு. நல்ல தீவனம் நீரில் 2 மணி நேரமாவது உடையாமல் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். அது உருவத்துக்கான அளவுகோல். 2 மணி நேரம் உடையாமல் கிடந்த பெல்லட்டில் முதலில் இருந்த சத்து அப்படியே இருக்கும் என்று பொருள் இல்லை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இறால் மோப்பம் பிடிப்பதே கரைந்து வரும் பொருளைத்தான். கரையவே கரையாத தீவனத்துக்கு மணமும் இருக்காது. மாவைப் பிணைக்கும் பைண்டரை அதிகமாகப் போட்டுக் கல்லாக இறுக்கிய பெல்லட் 6 மணி நேரம் தாங்கும், ஆனால் இறால் அதைச் சீக்கிரம் கண்டுபிடிக்காது. கண்டுபிடித்தாலும் கடிக்கச் சிரமப்படும். தளர்வான பெல்லட் நன்றாக மணக்கும், பத்து நிமிடத்தில் சேறாகும். இவற்றுக்கு நடுவில் வேண்டியது, மணம் தரும் சிறு பங்கு மட்டும் முதலில் வேகமாக வெளியே வந்து, மற்றதெல்லாம் உள்ளேயே பிடிபட்டிருக்கும் தீவனம். ஈர்ப்பிப் பொருளைச் சேர்ப்பதற்கான முழுக் காரணமும் இதுதான்: முதல் அரை மணி நேரத்துக்குள் பெரும்பங்கு தின்னப்பட்டால், கரைந்து வீணாவது குறையும், குளத்தடியில் சேறு சேர்வதும் குறையும். எத்தனை கிலோ தின்றது என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் தின்றது என்பதே ஈர்ப்பியின் மதிப்பெண்.

எந்த மணம் இழுக்கிறது

கடலடியில் இறாலின் இயற்கை இரை புழுக்கள், சிறு சிப்பிகள், நத்தைகள், சின்ன ஓட்டுடலிகள், அழுகும் உயிர்ப்பொருள். இவற்றின் உடலிலிருந்து நீரில் கசியும் சிறு மூலக்கூறுகளைத்தான் சிறு மீசை அடையாளம் கண்டுகொள்கிறது. பெரும்பாலும் நைட்ரஜன் உள்ளவை, எடை குறைந்தவை, நீரில் நன்றாகக் கரைபவை. கிளைசின், அலனின், அர்ஜினின், புரோலின், குளுட்டமிக் அமிலம், டாரின் போன்ற தனி அமினோ அமிலங்கள் ஒரு கூட்டம். பீட்டெய்ன் இன்னொன்று, கடல்வாழ் முதுகெலும்பிலிகள் உப்புநீரைச் சமாளிக்கத் தங்கள் செல்களில் சேர்த்து வைக்கும் பொருள் அது. புதுத் தசை சிதையும்போது உருவாகும் ஏஎம்பி, ஐஎம்பி போன்ற நியூக்ளியோடைடுகளும் உண்டு. பெரிய புரத மூலக்கூறு அப்படியே இருந்தால் மணக்காது. அது சிறு பெப்டைடுகளாகவும் அமினோ அமிலங்களாகவும் உடைந்தால்தான் மீசைக்கு எட்டும். மீனை நொதியால் செரிக்க வைத்து எடுக்கும் ஹைட்ரோலைசேட், வெறும் மீன் தூளைவிட இழுப்பதற்குக் காரணம் இதுவே.

தனியொரு பொருளைவிடக் கலவை நன்றாக வேலை செய்கிறது. உயிருள்ள இரை எதுவும் தூய கிளைசினாக மணப்பதில்லை. பல பொருள்கள் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் சேர்ந்ததே அதன் மணம். தூய பீட்டெய்ன் மட்டும் போட்டு ஏமாந்தவர்கள், அதையே கணவாய் மாவுடனோ மீன் ஹைட்ரோலைசேட்டுடனோ சேர்த்துப் பார்க்கலாம்.

இறாலின் உணர்வுக்கும் பழக்கம் உண்டு. ஒரே பொருள் நீரில் எப்போதும் நிறைந்திருந்தால், அதற்கான உணர்வு மழுங்கிவிடும். அதிகத் தீவனம் போட்டு, மிச்சம் ஊறிக் கிடக்கும் குளத்தில் புது வேளைத் தீவனத்தின் மணம் தனித்துத் தெரியாமல் போகும். ஈர்ப்பியின் அளவைக் கூட்டிக்கொண்டே போவது இங்கே எதிர்த்திசையில் வேலை செய்யும்.

விரட்டும் பொருள்களும் இருக்கின்றன. சரியாகப் பதப்படுத்தாத தாவரப் புண்ணாக்குகளில் உள்ள சபோனின், டானின் போன்றவை, கெட்டுச் சிக்குப்பிடித்த எண்ணெய், பூஞ்சை பிடித்த தீவனம், கசப்பான மருந்து, மூலிகைத் தூள்கள் எல்லாம் தின்பதைக் குறைக்கும். மருந்து கலந்த தீவனத்தை இறால் ஒதுக்குவதைத் தட்டில் நேரடியாகப் பார்க்கலாம். மருந்து உள்ளே போகவில்லை என்றுதான் அதற்குப் பொருள்.

ஈர்ப்பி எப்போது தேவை

மீன் தூள் தாராளமாக உள்ள பழைய பாணித் தீவனத்துக்கு ஈர்ப்பி பெரிய உதவி செய்வதில்லை. மீன் தூளே போதுமான அளவு கரையும் பொருள்களைக் கொண்டது. ஆனால் மீன் தூளைக் குறைத்துச் சோயா புண்ணாக்கைக் கூட்டும்போது புரதக் கணக்கு சரியாக வந்தாலும் மணக் கணக்கு விழுந்துவிடும். சோயாவில் தனி அமினோ அமிலங்களும் நியூக்ளியோடைடும் மிகக் குறைவு. அப்படிப்பட்ட தீவனத்தில்தான் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு கடல் சார்ந்த ஈர்ப்பி கண்ணுக்குத் தெரியும் மாற்றத்தைக் கொடுக்கும். ஆகவே ஈர்ப்பி வாங்குமுன் தீவன மூட்டையின் சேர்மானத்தைப் பாருங்கள். கடல்சார் புரதம் ஏற்கெனவே நிறைய இருந்தால் அந்தச் செலவு தேவையில்லை.

தீவனம் தயாரிக்கும்போதே மாவில் கலக்கும் பொருள்களின் வழக்கமான அளவு, ஒரு கிலோ தீவனத்துக்கு: கிரில் (இறால் போன்ற சிறு கடல் ஓட்டுடலி) மாவு 10 முதல் 50 கிராம், கணவாய் மாவு அல்லது கணவாய் ஈரல் மாவு 20 முதல் 50 கிராம், மீன் ஹைட்ரோலைசேட் 20 முதல் 50 கிராம், பீட்டெய்ன் 3 முதல் 5 கிராம். இவற்றை எல்லாம் சேர்த்துப் போட வேண்டியதில்லை. கிரில் நல்ல தேர்வு. மணத்தோடு பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பும் அஸ்டாசாந்தின் என்ற நிறமியும் தரும். கணவாய் ஈரல் மாவு இறாலுக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் கணவாயின் ஈரலில் கேட்மியம் சேரும் இயல்பு உண்டு என்பதால் பரிசோதனைச் சான்று இல்லாத சரக்கை எடுக்க வேண்டாம். இறால் தலை மாவும் ஈர்க்கும். இறாலுக்கே இறால் கழிவைக் கொடுப்பதில் நோய் கடத்தும் ஆபத்து இருக்கிறது. நன்றாகச் சூடேற்றிப் பதப்படுத்தியது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் தவிர்ப்பதே நல்லது. பச்சையாக நறுக்கிய கணவாய், சிப்பி, நண்டு ஆகியவற்றை வளர்ப்புக் குளத்தில் வீசுவது இதைவிட மோசம். வெண்புள்ளி வைரஸ் நண்டு, இறால் வகைகளின் வழியாக உள்ளே வரும். தின்னாத மிச்சம் நீரையும் கெடுக்கும்.

குளக்கரையில் பூச்சு போடுவது

வாங்கிய தீவனத்தின் மேல் ஈர்ப்பியைப் பூசிக் கொடுப்பதுதான் பெரும்பாலோர் செய்யக்கூடியது. இதில் ஒரு வசதி இருக்கிறது: மணம் பெல்லட்டின் வெளிப்பக்கத்தில் இருப்பதால் நீரில் விழுந்ததும் வெளியேறத் தொடங்கும். அதே காரணத்தால் பத்து நிமிடத்தில் முழுவதும் கழுவிப் போகவும் கூடும். அதனால் மேலே இன்னொரு மெல்லிய உறை தேவைப்படுகிறது.

10 கிலோ தீவனத்துக்கு ஒரு சாதாரணக் கணக்கு: திரவ மீன் ஹைட்ரோலைசேட் 150 மில்லி, பீட்டெய்ன் 30 கிராம், சுத்தமான நன்னீர் 100 மில்லி. முதலில் பீட்டெய்னை நீரில் முழுவதும் கரைத்துவிட்டுப் பிறகு ஹைட்ரோலைசேட்டைச் சேர்க்க வேண்டும். தீவனத்தைத் தார்ப்பாயில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, கைத்தெளிப்பானால் புகை போலத் தெளித்துக்கொண்டே ஒருவர் புரட்ட வேண்டும். குவளையால் ஊற்றினால் சில பெல்லட்டுகள் ஊறிக் குழையும், மற்றவை காய்ந்தே இருக்கும். தெளித்தபின் 15 நிமிடம் விடுங்கள். ஈரம் உள்ளே இழுக்கப்படும். அதன் மேல் 100 முதல் 150 மில்லி மீன் எண்ணெய் அல்லது கணவாய் எண்ணெயை அதே முறையில் பூச வேண்டும். எண்ணெய்க்குப் பதில் பைண்டர் ஜெல் பயன்படுத்தினால் பாட்டிலில் எழுதிய அளவைப் பின்பற்றலாம். பிறகு நிழலில் அரை மணி நேரம் ஆறப்போட்டு, அன்றைக்கே போட்டு முடிக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் ஒரு கிலோவுக்கு மொத்தம் 40 மில்லிக்கு அருகில்தான் ஈரம் சேர்கிறது. 50 மில்லியைத் தாண்டினால் பெல்லட் மென்மையாகி, கையாளும்போதே பொடியும். பொடி இறாலுக்குப் பயன்படாது. நீரில் கரைந்து பாசிக்கும் பாக்டீரியாவுக்கும்தான் போகும். வெயிலில் காயவைப்பது அடுத்த பெரிய தவறு. எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் வெயிலில் சீக்கிரம் சிக்குப்பிடிக்கும், வைட்டமின்களும் கெடும். பூசிய தீவனத்தை மூட்டையில் கட்டி நாளைக்கு என்று வைத்தால் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். ஆலையிலிருந்து வரும் தீவனத்தின் ஈரப்பதம் 10 முதல் 12 சதவீதத்துக்குள் வைக்கப்பட்டிருப்பது பூஞ்சைக்குப் பயந்துதான். பூச்சு அந்தப் பாதுகாப்பைக் கலைத்துவிடுகிறது.

எண்ணெயை 2 சதவீதத்துக்கு மேல் கூட்டத் தோன்றும், ஏனென்றால் அதிகப் பளபளப்பு அதிகப் பலன் போலத் தெரியும். தீவனத்துக்குள்ளேயே 5 முதல் 7 சதவீதம் கொழுப்பு இருக்கிறது. மொத்தக் கொழுப்பு 10 சதவீதத்தைக் கடந்தால் இறாலின் வளர்ச்சி குறையத் தொடங்கும். கூடுதல் எண்ணெய் பெல்லட்டை நீர் ஈரமாக்க விடாமல் மிதக்கவும் வைக்கும். நீர்ப்பரப்பில் எண்ணெய்ப் படலம் தெரிந்தால் அளவு தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் மீன் கழிவை வெல்லத்தோடு புளிக்க வைத்து எடுக்கும் கரைசல் செலவு குறைந்த வழிதான். மணமும் இருக்கும். ஆனால் ஒவ்வொரு பானையும் ஒவ்வொரு விதமாகப் புளிக்கும். அழுகல் வாடை, பூஞ்சைப் படலம், சூடேற்றாத இறால் அல்லது நண்டுக் கழிவு இவற்றில் எது இருந்தாலும் குளத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. சேர்த்த சர்க்கரையின் பெரும்பங்கு நீரில் கரைந்து பாக்டீரியாவைப் பெருக்கி, இரவில் ஆக்சிஜனைக் குடிக்கும்.

பெல்லட்டின் உடல்

மணம் சரியாக இருந்தும் இறால் ஒதுக்குகிறது என்றால் அளவைப் பாருங்கள். குஞ்சுகளுக்குப் பொடிக் குருணை, பிறகு 1.2 மில்லிமீட்டர், பெரிதானதும் 2 மில்லிமீட்டருக்கு மேல் என்று மாறும்போது, பெரும்பாலான இறால்கள் அடுத்த அளவுக்குத் தயாராகாமல் மாற்றினால் சின்னவை பட்டினி கிடக்கும். இரண்டு அளவையும் நான்கைந்து நாள் பாதிப் பாதி கலந்து போட்டு மாற்றுவது நல்லது. விட்டம் மட்டும் இல்லை, நீளமும் கணக்கு: மிக நீளமான பெல்லட்டை இறால் நடுவில் பிடித்துக் கொறிக்கும்போது இரு முனையும் உடைந்து விழுந்து வீணாகும். மாவு எவ்வளவு நைசாக அரைபட்டிருக்கிறது என்பது இன்னும் முக்கியம். பெல்லட்டை உடைத்துப் பார்த்தால் உமித்துண்டோ மக்காச்சோளத் துணுக்கோ கண்ணில் படக் கூடாது. அந்த இடத்தில் பிளந்துதான் நீர் உள்ளே போகும்.

மூட்டையைச் சிமெண்ட் தரையில் நேரடியாகப் போடாமல் பலகை மேல் வைத்து, சுவரை ஒட்டாமல், மூன்று மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். பழைய தீவனத்தின் சிக்கு வாடையை ஈர்ப்பியால் மூடலாம். ஆனால் இறால் வந்து கூடும், வாயில் வைத்ததும் கீழே போட்டுவிடும்.

போடும் விதமே பாதி ஈர்ப்பி

இறாலின் இரைப்பை சிறியது. தின்றது ஓரிரு மணி நேரத்தில் குடலைக் கடந்துவிடும், மறுபடியும் பசி வரும். ஒரு நாள் தீவனத்தை இரண்டு வேளையாகக் கொட்டினால் ஒவ்வொரு வேளையும் பெரும்பங்கு ஊறிக் கிடந்துதான் தின்னப்படும். அதையே நான்கு ஐந்து வேளையாக்கினால் எந்த ஈர்ப்பியும் இல்லாமலே புது மணமுள்ள தீவனம் இறாலுக்குக் கிடைக்கிறது. தானியங்கித் தீவனக் கருவிகள் நாள் முழுவதும் சிறு சிறு அளவாக வீசுவது இந்தக் கொள்கையில்தான். இறால் தீவனத்தைக் கடிக்கும்போது எழும் ‘கிளிக்’ ஒலியை நீருக்கடி ஒலிவாங்கியால் கேட்டு, ஒலி கூடினால் போட்டு, அடங்கினால் நிறுத்தும் கருவிகளும் இருக்கின்றன.

நீரோட்டத்தையும் பாருங்கள். மணம் ஓட்டத்தின் போக்கில் பரவும். இறால் ஓட்டத்துக்கு எதிராக நடந்து வரும். நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் முழு வேகத்தில் ஓடும்போது வீசிய தீவனம் குளத்தின் நடுவிலுள்ள சேற்றில் போய்ச் சேரும், அங்கே இறால் போக விரும்பாது. ஆக்சிஜன் இடம் கொடுத்தால் தீவனம் போடும் பகுதியின் ஏரேட்டரை அரை மணி நேரம் நிறுத்தலாம். நெருக்கமாக வளர்க்கும் குளத்தில், அதுவும் விடியற்காலையில், இதைச் செய்யவே கூடாது.

ஈர்ப்பி உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்ப்பது

ஒரே மாதிரியான இரண்டு தீவனத் தட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆழம், ஏரேட்டரிலிருந்து ஒரே தூரம், ஒன்றுக்கொன்று நான்கைந்து மீட்டர் இடைவெளி. ஒன்றின் மணம் மற்றதன் மேல் ஓடும்படி நீரோட்டத்தின் வரிசையில் வைக்கக் கூடாது. ஒன்றில் பூசாத தீவனம் 50 கிராம், மற்றதில் பூசியது 50 கிராம். ஒவ்வொரு தீவனத்திலும் இன்னொரு 50 கிராமை, இறால் நுழைய முடியாத நெருக்கமான வலையால் மூடிய தட்டில் அதே ஆழத்தில் இறக்க வேண்டும். தின்னப்படாமலே எவ்வளவு கரைகிறது என்று சொல்வது இந்தத் தட்டுதான். 30 நிமிடம் கழித்து எல்லாவற்றையும் மெதுவாகத் தூக்கி, மிச்சத்தை எடுத்து, எடை மாறாமல் நிற்கும்வரை ஒரே மாதிரி உலர்த்தி நிறுக்க வேண்டும்.

மூடிய தட்டில் 50 கிராம் 42 ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஈரப்பதமும் கரைசலும் சேர்ந்து 16 சதவீதம் போயிருக்கிறது, மிஞ்சியது 0.84 பங்கு. திறந்த தட்டில் 21 கிராம் மிச்சம் என்றால் 21ஐ 0.84ஆல் வகுக்க, 25 கிராம் தின்னப்படாமல் இருந்தது, 25 கிராம் தின்னப்பட்டது. இந்தத் திருத்தம் செய்யாவிட்டால் 29 கிராம் தின்றதாக எண்ணி ஏமாறுவோம். சுமாரான பைண்டர் உள்ள தீவனம் இந்தத் தவறில்தான் நல்ல தீவனமாகத் தெரிகிறது: சீக்கிரம் காணாமல் போவதெல்லாம் இறாலின் வயிற்றுக்குப் போனதல்ல.

ஒவ்வொரு முறையும் தட்டுகளின் இடத்தை மாற்றி, ஆறேழு முறையாவது செய்ய வேண்டும். இறாலுக்கு ஒரு மூலை பிடித்துப்போனால் அங்கே எதை வைத்தாலும் ஜெயிக்கும். இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பின்தங்கும் தீவனம், தனியாகக் கொடுத்தால் முழுவதும் தின்னப்படலாம். வளர்ச்சியில் வித்தியாசம் வருகிறதா என்பதைத் தனித்தனிக் குளங்களில், வாராந்திர எடை எடுத்துத்தான் சொல்ல முடியும்.

அன்றாடப் பயன்பாட்டுக்கு, ஒரு வேளைத் தீவனத்தில் 2 முதல் 4 சதவீதத்தைத் தட்டுகளில் பிரித்து வைத்து, ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் தூக்கிப் பார்ப்பது போதும். இங்கே ஒரு பொறி: தட்டில் வைக்கும் தீவனத்துக்கு மட்டும் ஈர்ப்பி பூசினால், குளம் முழுவதும் இருக்கும் இறால் தட்டுக்கு வந்து அதைக் காலி செய்யும். தரையில் தீவனம் தேங்கிக் கிடக்க, தட்டு காலி என்று அடுத்த வேளையைக் கூட்டிவிடுவீர்கள். தட்டுக்குப் போவதும் குளத்துக்குப் போவதும் ஒரே தீவனமாக இருக்க வேண்டும்.

இறால் தின்னாதபோது முதலில் பார்க்க வேண்டியவை

தீவனம் தட்டில் மிஞ்சினால் உடனே ஈர்ப்பி பாட்டிலைத் தேடுவது தவறான வரிசை. கரைந்த ஆக்சிஜன் 4 பிபிஎம்முக்குக் கீழே இருந்தால் இறால் சரியாகத் தின்னாது. விடியலில் அளந்து, ஏறியபிறகே முதல் வேளையைப் போட வேண்டும். வனாமி வகை இறாலுக்கு 28 முதல் 32 டிகிரி செல்சியஸ் நன்றாக ஒத்துவரும். 25க்குக் கீழே போனால் தின்பது தெளிவாகக் குறையும். தொடர் மழை, பாசி திடீரென இறப்பது, அமோனியா அல்லது நைட்ரைட் ஏறுவது, அடிச்சேற்றின் அழுகிய முட்டை வாடை ஆகிய ஒவ்வொன்றும் பசியை அடக்கும். தோலுரிக்கும் நாளில், அதற்குச் சற்று முன்னும் பின்னும், இறால் தின்பதில்லை. தட்டில் மெல்லிய ஓடுகள் கிடந்தால் ஓரிரு நாள் தீவனத்தைக் குறைத்துக்கொண்டு காத்திருந்தால் போதும். வளர்ப்பின் முதல் மாதத்தில் தீவனம் மிஞ்சுவதற்குக் காரணம் குளத்தின் இயற்கை இரையாக இருக்கலாம், அது நல்ல செய்தி.

தட்டில் ஏறிய இறாலில் பத்து இருபதை வெளிச்சத்தில் பிடித்துக் குடலைப் பாருங்கள். முதுகின் நடுவே பழுப்பு நிறக் கோடு இடைவெளி இல்லாமல் ஓடினால் தீவனம் போகிறது. கோடு கறுத்திருந்தால் சேற்றைத் தின்கிறது. தீவனம் போதவில்லை அல்லது இறால் இருக்கும் இடத்தில் விழவில்லை. குடல் வெறுமையாகவோ வெளுத்தோ இருந்தால், நீரின் மேல் வெள்ளைக் கழிவு இழைகள் மிதந்தால், அது நோய்க்கான அறிகுறி; பரிசோதனைக் கூடத்துக்கு மாதிரி அனுப்ப வேண்டிய நேரம். நுண் ஒட்டுண்ணியான ஈஹெச்பி தாக்கிய குளத்தில் இறால் தின்றுகொண்டே வளராமல் நிற்பதுண்டு. அங்கே ஈர்ப்பி போடுவது, பயன்படாத உடலுக்குள் இன்னும் தீவனத்தைத் திணிப்பது.

எல்லாம் சரியாக இருந்து, ஈர்ப்பி வேண்டும் என்று முடிவானால் கடைசியாகக் கணக்கு. தீவன மாற்று விகிதம் (ஒரு கிலோ இறால் வளர எத்தனை கிலோ தீவனம் என்பது) 1.5 ஆக இருக்கும் குளத்தில் ஈர்ப்பியால் தீவனச் செலவு கிலோவுக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்றால், விகிதம் 1.43க்கு இறங்கினால்தான் கைமுதல் தப்பும். அதற்கும் கீழே போனாலோ, அறுவடை சில நாள் முன்னால் வந்தாலோ லாபம். இறால் அதிகம் தின்று, விகிதம் அப்படியே நின்றால் நிறுத்திவிடலாம். வாங்கும் பாட்டிலில் சேர்மானம், அளவு, தயாரித்த தேதி மூன்றும் எழுதியிருக்க வேண்டும். ‘பசி தூண்டும்’, ‘வளர்ச்சி பெருக்கும்’ என்று மட்டும் எழுதி, உள்ளே என்ன என்று சொல்லாத பொருளில் தடை செய்யப்பட்ட ஆன்டிபயாட்டிக் கலந்திருந்தால், எச்சப் பரிசோதனையில் மொத்த அறுவடையும் நிராகரிக்கப்படும்.